முருகேஸ்வரி அக்கா பார்க்காத ஃபைனல்

முருகேஸ்வரி அக்கா போய்விட்டார்.

நேற்று மதுரை ஆஸ்பத்திரியில்... இன்று மதியம் கடமலைக்குண்டில் எல்லாம் முடிந்தது. இப்போதுதான் தேனி வந்து சேர்ந்தேன். குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கே சொல்வது என்று தெரியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். என்ன ஆபீஸ் என்று கேட்பவர்களுக்கு... அமெரிக்கக் காலேஜ்களின் மேட்ச் வீடியோக்களைப் பார்த்து, எந்த நொடியில் யார் அடித்தான், யார் தடுத்தான் என்று குறித்துத் தருகிற வேலை. டேக்கிங் என்போம்.

எங்களுக்கு வந்தது ஐஸ் ஹாக்கி. ஆண்கள் ஐஸ் ஹாக்கி!

வெளியே பங்குனி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். உள்ளே நாங்கள் பனிக்கட்டி மேல் சறுக்கும் பையன்களை எண்ணிக்கொண்டிருப்போம். கோன் ஐஸைத் தாண்டி ஐஸ் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அவருக்குப் பயமும் கிடையாது.

தப்பாட்டம் ஆடுகிறவனைக் கொஞ்ச நேரம் தடுப்புக்குள் உட்கார வைப்பார்கள். பெனால்டி பாக்ஸ். அக்கா அதற்கு வைத்த பேர் பவுண்டு... அடுத்தவர் காட்டில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்களே, அந்தப் பவுண்டு.

"ஏலே தம்பி, நீலச் சட்டைக்காரன் ஒருத்தனப் பவுண்டுல அடைச்சுட்டாக, குறிச்சுக்க!"

கொஞ்ச நாளில் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. மேனேஜரே ஒரு மீட்டிங்கில் "பவுண்டு என்ட்ரி எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

இன்னொன்று... அக்காவின் முதல் சீசன். ஒரு மேட்ச், கடைசி நிமிஷம். தோற்றுக்கொண்டிருந்த டீமின் கோல்கீப்பர் திடீரென்று கோல் போஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா ரிமார்க்ஸில் ஆங்கிலத்தில் டைப் செய்தார், "கோல்கீப்பர் கோபம். வீட்டுக்குப் போகிறார்" என்று.

நம்ம ஊர் கிரிக்கெட்டில் பேட் கொண்டுவந்தவன் கோவித்துக்கொண்டு கிளம்புவானே, அந்த நினைப்பு. அது அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

மறுநாள் பதில் வந்தது. கோபமெல்லாம் இல்லையாம். தோற்கிற டீம் கோல்கீப்பரை எடுத்துவிட்டு, கோல் அடிக்க ஓர் ஆளைக் கூடுதலாக இறக்குமாம். நான் விளக்கிச் சொன்னதும் அக்கா என்னைத்தான் முறைத்தார்.

"ஏன்டா, வீட்டத் தொறந்து போட்டுட்டா சண்டைக்குப் போவாய்ங்க?"



கேன்சர் என்று தெரிந்த பிறகும் வேலைக்கு வந்தார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கடமலைக்குண்டிலிருந்து பஸ் ஏறி. "வீட்ல இருந்தா வர்றவுக எல்லாம் அழுகுறாக தம்பி. இங்கன வந்தா ஆட்டம் ஓடுது" என்பார்.

இந்த சீசனில் பச்சைச் சட்டை போட்ட ஒரு காலேஜ் டீம் அக்காவின் பொறுப்பு. தேசிய சாம்பியன்ஷிப்புக்குள் எப்படியோ நுழைந்துவிட்டார்கள். ஒரு மேட்ச் தோற்றால் வெளியே போக வேண்டிய டோர்னமென்ட். செமி ஃபைனலில் அவர்கள் ஜெயித்தபோது அக்கா ஹெட்போனோடு எழுந்து நின்று கைதட்டியதில் வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"ஃபைனல் எனக்குத்தான். எவனும் தொடக் கூடாது."

ஃபைனல் வீடியோ வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில். வேலை காத்திருக்காதே... நான்தான் டேக் செய்தேன். செய்து முடித்த வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் கையை நீட்டித் தடுத்தார். "சொல்லாத. மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பு. ஒன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினேன் மக்களே. டியூட்டி நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

லேப்டாப்பில் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். "வீட்டுக்கு வந்து டிவில பாக்குறேன். இவுகளையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாக்கணும்."

இவுக என்றது அவர் வீட்டுக்காரரை. தோட்டம், ஆடு, மோட்டார் என்று இருக்கிற மனிதர். மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவரிடம்தான் பென்டிரைவைக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பட்டன் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்க்க அக்காவால் முடியவில்லை.

இன்று காலை போனபோது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். மாலை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். வெளியே கூட்டிக்கொண்டு போனார். பந்தலைத் தாண்டி, சேர் போட்டிருந்த ஆட்களைத் தாண்டி, தெருமுனை வரைக்கும்.

அங்கே நின்று வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இங்கன நின்னு சொன்னா அவளுக்குக் கேக்காது. அந்தப் பச்சைச் சட்டைக்காரப் பயலுக... என்ன ஆனாய்ங்க தம்பி?"

சொன்னேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

போய்ட்டு வாங்க அக்கா.

ரிசல்ட் தெரிந்த நண்பர்கள் இருந்தால்... கமென்டில் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.