யார் வண்டி என்று கேட்காத கம்பெனி

வாங்குகிறவர் ஒருவர்கூடப் பயன்படுத்த ஆசைப்படாத ஒரு சாமானைத்தான் நாங்கள் பதினாலு வருஷமாகச் செய்து விற்றுக்கொண்டிருக்கிறோம். ஆயுள் காப்பீடு விற்பவர்கள், தீயணைக்கும் சிலிண்டர் விற்பவர்கள், ஆஸ்பத்திரிக் கட்டில் செய்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

எங்கள் சாமானுக்கு டோ பார் என்று பெயர். ஆளைவிடக் கொஞ்சம் நீளமான கனத்த இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் வளையம். வழியில் நின்றுபோன லாரியை முன்னால் இன்னொரு லாரியோடு சேர்த்துப் பூட்டி இழுக்க உதவும். கயிறு கட்டி இழுத்தால் பின்வண்டி முன்வண்டியில் போய் முட்டலாம், அல்லது கயிறு அறுந்து பின்னால் உருளலாம். டோ பார் போட்டால் இரண்டும் நடக்காது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். அண்ணன் செல்லமுத்துதான் முதலாளி. அண்ணி சரசு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்டர் பிடிப்பதும் பில் போடுவதும் தங்கையான என் வேலை.

கம்பெனி வரலாறு, முதல் பக்கம்

பெரிய கம்பெனிகளின் வரலாற்றில் முதல் பக்கத்தில் ஒரு கனவு இருக்கும். எங்கள் வரலாற்றில் ஒரு புளியமரம் இருக்கிறது. அண்ணன் அப்போது உடையார்பாளையம் கலியமூர்த்தியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டி ஒருநாள் வழியில் நின்றுவிட்டது. கிரேன் வந்து சேர நேரமாகும் என்று ஓனரே இன்னொரு லாரியைக் கொண்டுவந்து, தன் கையாலேயே கயிறு கட்டினார். அண்ணன் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். மேட்டில் ஏறும்போது கயிறு அறுந்தது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. எஞ்சின் ஓடாதபோது அதை நம்ப முடியாது, டேங்கில் காற்று மிச்சம் இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் இல்லை. வண்டி பின்னால் உருண்டு, ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்தில் சாய்ந்தது. அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பிரேக் மிதிக்கிற கால்.

ஆறு மாதம் படுத்திருந்துவிட்டு எழுந்ததும் அண்ணன் ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினான். இப்படித்தான் கம்பெனி பிறந்தது. அந்த ஆறு மாதத்துக்குள் கலியமூர்த்தி நடந்ததற்கு விளக்கம் சொல்லி முடித்திருந்தார். அறுந்த கயிற்றை யாரும் பார்க்கவில்லை. கயிறு அறும்வரை பிரேக்கைத் தொடவே இல்லை என்று அண்ணன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கால் போனதைவிட, பயந்து பிரேக்கை மிதித்த டிரைவர் என்ற பெயர்தான் அவனை அரித்தது. கடைத்தெருவில் கலியமூர்த்தி சொன்னதை நாலு பேர் எங்களிடமே வந்து ஒப்பித்தார்கள்: "கயிறு புதுசுங்க. பயந்துபோயி பிரேக்க மிதிச்சா கயிறு என்ன, சங்கிலியே அறுந்துரும்."

புது வண்டிக்குச் சீர்

முதல் டோ பாரை வாங்க முன்வந்தவர் வேப்பந்தட்டைக்காரர். புது லாரி எடுத்திருந்தார். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பூசைக்கு முன்னால் மாட்டிவிடலாம் என்று அண்ணன் அவர் வீட்டுக்கே போய், டோ பாரை வண்டியின் பக்கவாட்டில் பளிச்சென்று தெரிகிற மாதிரி கட்டிக் கொடுத்தான். அதற்குக் கறுப்பு பெயிண்ட் வேறு அடித்திருந்தோம்.

அவர் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தம்மா கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் நிதானமாகக் கேட்டார்: "கல்யாணப் பொண்ணுக்கு நகையோட பாடையையும் சேத்தா வாங்குவாங்க தம்பி?"

அண்ணி கண்டுபிடித்த வழி

அதன்பிறகு நான் ஏறி இறங்காத லாரி ஆபீஸ் இல்லை. வண்டி எப்படியெல்லாம் நிற்கும், கயிறு எப்படியெல்லாம் அறும் என்று பி.காம். படித்த திறமையில் விளக்கினேன். விளைவு, என்னைக் கண்டாலே சகுனம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர், வண்டி கிளம்பும்போது எதிரே நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் பாட்டுக்கு வேறு வேலை தேடிப் போயிருப்பேன். அண்ணிதான் பட்டறைக்குப் பக்கத்தில் டீ குடிக்க வரும் டிரைவர்களைக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் வண்டி நிற்கும் என்று எவனும் நம்பமாட்டான், அடுத்தவன் வண்டி நிற்கும் என்பதில் எவனுக்கும் சந்தேகம் கிடையாது.

பேச்சை மாற்றினோம். உங்களுக்கு எதற்குங்க, வழியில் யாராவது நின்றால் உதவுமே என்றோம். கறுப்பை மாற்றி மஞ்சள் அடித்தோம். விற்க ஆரம்பித்தது. கம்பெனிக்கு இரண்டு சட்டம் உண்டானது: வருகிறவரிடம் யார் வண்டி என்று கேட்கக் கூடாது, போகிறவரிடம் திரும்ப வாங்க என்று சொல்லக் கூடாது. சொந்தப் பெயரில் பில் வாங்க யாரும் விரும்பாததால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரொக்கம்' என்றே எழுதினேன். சட்டை முழுக்க கிரீஸோடு வந்து, எங்கேயோ யாருடைய வண்டியோ நிற்பதாகச் சொல்பவர்களிடம் நாங்களும் 'ஐயோ பாவம்' என்போம். குன்னத்துக்காரர் ஒருவர் மட்டும் அவசரத்தில் நிலைதடுமாறிவிட்டார்: "எவனோ நிக்கிறான், பாவம். சீக்கிரம் குடுங்க, அவன் வூட்டுல எனக்குச் சோறு போட்டு வச்சிருப்பாங்க."

சர்டிபிகேட்

ஆலத்தியூர்ப் பக்கம் லாரி வைத்துக் கல் அடிக்கும் கான்ட்ராக்டர் ஒருவரின் மேனேஜர் வந்தார். பன்னிரண்டு டோ பார் வேண்டும், சோதித்துப் பார்த்ததற்குச் சர்டிபிகேட் வேண்டும் என்றார். எங்கள் சோதனை எப்போதும் ஒன்றுதான். மண் மூட்டை ஏற்றிய பழைய லாரியை டோ பாரில் பூட்டி, முன்வண்டியை அண்ணி ஓட்டி மேட்டில் ஏற்றுவார். பின்வண்டியில் எஞ்சினை நிறுத்திவிட்டு அண்ணன் உட்கார்ந்திருப்பான். பட்டறையை விட்டு வெளியே போகிற ஒவ்வொன்றுக்கும் இது உண்டு. ரப்பர் காலோடு கேபினில் ஏறுவதற்கே அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

பாதி மேட்டில் அண்ணி வண்டியை நிறுத்துவார். அண்ணன் இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டு மேல் வைத்துக் காட்டுவான். பிரேக்கை மிதிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மேனேஜருக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. மூன்றாவது டோ பாருக்கே மனிதருக்கு வியர்த்துவிட்டது. என்னிடம் வந்து சொன்னார்: "பேப்பர் ஒண்ணு போதும்மா. மொதல்ல அவர எறங்கச் சொல்லுங்க."

உடையார்பாளையத்தில் ஒரு ஷெட்

ஜெயங்கொண்டம், செந்துறை, திருமானூர் என்று எல்லாப் பக்கமும் விற்றுவிட்டோம். கலியமூர்த்தியின் ஷெட்டுக்கு மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. அவர் வாங்கினால் கயிற்றில் குறை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காதவரைக்கும் குற்றவாளி பிரேக்தான். இது அண்ணனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தட்டு நிறைய முந்திரி வைத்து உபசரித்தார். வீட்டில் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார். கயிறு போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் எனக்கும் இருந்தது. மேட்டில் வண்டி இழுபடும்போது யாருக்கும் கால் தன்னாலே பிரேக்குக்குப் போகும் என்று நினைத்துக்கொள்வேன். அண்ணனிடம் கேட்டதில்லை. ஆனால் இரண்டாவது முறை வெறுங்கையோடு திரும்பி வந்த எரிச்சலில், விடுண்ணே, தப்பு யார் மேல இருந்தா இப்ப என்ன என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. அண்ணன் குழாய் அறுக்கும் மெஷினை நிறுத்தினான். குரலை உயர்த்தாமல் சொன்னான்: "சாட்சி சொல்ல வேண்டிய காலு போயிருச்சு பாப்பா. நான் எதக் காட்டுறது?"

பில்லில் ஒரு பெயர்

போன ஆடியில் ஒரு முற்பகல், கலியமூர்த்தி டூவீலரில் வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் கிரீஸ். வழியில் ஒரு வண்டி நிற்கிறது, டோ பார் ஒன்று வேண்டும் என்றார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பில் புக்கை எடுத்தேன். அண்ணன் எழுந்து வந்தான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பெனிச் சட்டத்தை மீறி, யார் வண்டி ஓனரே என்று கேட்டான். என் வண்டிதான் என்றார். இழுக்க இன்னொரு லாரி வந்துவிட்டதாம், நின்ற வண்டியின் ஸ்டியரிங்கில் அவர் மகன் உட்கார்ந்திருக்கிறானாம். கயிறு இல்லையா என்று கேட்டான் அண்ணன். குத்திக்காட்டுகிற குரலில்லை, தொழில்காரன் கேட்கிற கேள்விதான்.

கலியமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அவன் ரப்பர் காலைப் பார்த்துப் பேசினார். "இருக்கு. புதுக் கயிறுதான். அன்னிக்குக் கட்டுனதுதான் பழசு. ரெண்டு எடத்துல அறுந்து கெடந்தத நான்தான் முடிச்சுப் போட்டுக் கட்டுனேன், செல்லமுத்து. இன்னிக்கு எம் மவன் உக்காந்திருக்கான், கை முடிச்சுப் போட மாட்டேங்குது."

அண்ணி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகை வந்தது, அண்ணனுக்காகக் கொஞ்சம், என் சந்தேகத்துக்காக மீதி. அண்ணன் சோதித்து வைத்ததில் ஒன்றைப் பட்டறை வேனில் ஏற்றினான். பூட்டத் தெரியாமல் பூட்டிவிடுவார்கள், நானே வருகிறேன், பையன் வண்டியில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டான். நான் பழக்கதோஷத்தில் பில்லில் 'ரொக்கம்' என்று எழுதிக் கிழித்து நீட்டினேன். கலியமூர்த்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "இத அடிச்சிட்டு எம் பேர எழுதும்மா. அன்னிக்குக் கடைத்தெருவுல கேட்டவங்ககிட்டயெல்லாம் காட்டணும்."

நின்றுபோன லாரியை வீடு கொண்டுவந்து சேர்க்க ஒரு மணி நேரம் போதும், மனிதன் வாயிலிருந்து ஒரு உண்மையைக் கொண்டுவந்து சேர்க்கப் பதினாலு வருஷம் ஆகிறது, அதற்கும் அவன் சொந்த வண்டி நிற்க வேண்டியிருக்கிறது.