கடதாசியில் இல்லாத சத்தம்

அந்தக் கடதாசியை நான் எழுதாமல் இருந்திருந்தால், என் கணவரை மதிலோடு நிறுத்தியிருப்பார்களா? எழுதாமல் இருந்திருந்தால், பிறகு அவரை விட்டுவிட்டுப் போயிருப்பார்களா? இரண்டும் ஒரே கடதாசியால் நடந்தவை. இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

மகனுக்கு அப்போது பத்து மாதம். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் அவன் கழுத்திலிருந்த பஞ்சாயுதம் காணாமற்போனது. ஐந்து ஆயுதங்களின் உருவம் பொறித்த சின்னத் தங்கப் பதக்கம் அது. பிள்ளைக்குக் காவல் என்று கட்டுவது. யாழ்ப்பாணத்திலிருந்த என் அண்ணா தாய்மாமன் முறைக்கு அதைச் செய்வித்து, கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பின்வளவில் குழாயடியில் குளிக்கவார்த்தபோது நூல் அறுந்திருக்க வேண்டும். நூல் மட்டும் துவாயில் இருந்தது. மூன்று நாள் மண்ணை அளைந்தும் பதக்கம் கிடைக்கவில்லை. காவல் போய்விட்டதே என்ற பயத்தில் பிள்ளை தும்மினாலும் திடுக்கிட்டேன்.

கணவர் காலி வீதியில் ஒரு கடையில் ரேடியோ திருத்துபவர். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு கருவி செய்தார். கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் பிளாஸ்டிக் தட்டு, அதைச் சுற்றிச் செப்புக்கம்பி, மேலே ஒரு சின்ன ரேடியோ. உலோகத்துக்குக் கிட்டப் போனால் ரேடியோவின் கீச்சுச் சத்தம் மாறும். ஆனால் அது ஈர மணலுக்கும் கீச்சிட்டது, தகரத்துக்கும் கீச்சிட்டது, சும்மாவும் கீச்சிட்டது.

"முதல்லை இதின்ரை பாஷை எங்களுக்கு விளங்கவேணும்," என்றார். "தெரிஞ்ச சாமானை மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சுப் பழகுவம். பிறகு தெரியாததைத் தேடுவம்."

குழாயடிக்கு எதிர்மூலையைத் தெரிந்தெடுத்தோம். அங்கே ஏற்கெனவே கிடந்த ஆணி, தகரத் துண்டுகளை அவர் இரண்டு நாளாகப் பொறுக்கி எறிந்தார். பிறகு குச்சி நட்டு, கயிறு கட்டி, எட்டுக் கட்டங்கள் பிரித்தோம். ஒன்றின் சத்தம் மற்றதில் கலக்காதபடி ஒவ்வொன்றும் இரண்டடி. ஆழத்தை என் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். ஆணி இரண்டு அங்குலம், சோடா மூடி மூன்று, சாவி நான்கு, தேக்கரண்டி ஆறு என்று ஏழு சாமான்களைத் தாட்டோம். தங்கத்தின் சத்தம் தெரியவேண்டும் என்பதற்காக என் தோடு ஒன்றையும் வைத்தோம். எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் கட்டம் கீறி எழுதிக் சமைக்கிற குசினிக் கதவில் ஒட்டினேன்.

"உமக்குச் சோதினைப் பேப்பர் எண்ட நினைப்பு," என்று சிரித்தார். "அடிமட்டம் வைச்சுக் கோடு கீறிறீர்."

"சிரியாமல் சொல்லுங்கோ, மூண்டாம் கட்டம் என்ன?"

"கரண்டி."

"சாவி. பெயில்!"

தோடு இருந்த கட்டத்தில் மட்டும் 'தோடு' என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. மண்ணுக்குள் தங்கம் கிடக்கிறது என்று வருகிறவர் போகிறவர் வாசித்துவிட்டால்? அதனால், வீட்டில் பஞ்சாயுதத்தை நாங்கள் சுருக்கிச் சொல்லும் பெயரையே எழுதினேன்: 'ஆயுதம், மாதிரி, 3 அங்குலம்.' கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கிழமை பழகியபின் அவருக்கு ஓரளவு பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் தேடுவதாக இருந்தோம். சனிக்கிழமை காலையில், யுத்த காலத்தில் தமிழர் வீடுகளைத் துழாவுகிற செக்கிங் வந்தது. வளவு கிண்டுவதை யாரும் போய்ச் சொன்னார்களா, வழக்கமான செக்கிங்தானா என்று தெரியாது. ஒரு பொலிஸ் அதிகாரி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர், கையில் உலோகம் தேடும் அசல் கருவியோடு ஓர் ஆமிக்காரர்.

பொலிஸ்காரர் குசினிக் கதவில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஆ... யு... தம்."

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிங்களத்திலும் அந்தச் சொல் அதுதான்.

கணவரை மதிலோடு திருப்பி நிறுத்தினார்கள். "பபாகே பஞ்சாயுத, சேர்," பிள்ளையின் பஞ்சாயுதம் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தக் கட்டத்தைத்தான் முதலில் கிண்டுவித்தார்கள். மூன்று அங்குலத்தில் என் தோடு வந்தது.

"மேகத ஆயுதே?" இதுவா ஆயுதம் என்று கேட்டார் அதிகாரி. ஆமிக்காரர் சிரிப்பை விழுங்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. மிச்சத்தையும் பார்க்கச் சொன்னார்.

கட்டம் கட்டமாகக் கருவி போனது. பொலிஸ்காரர் கடதாசியை வாசிப்பார், ஆமிக்காரர் கிண்டுவார். ஆணி என்ற இடத்தில் ஆணி. சாவி என்ற இடத்தில் சாவி. ஒவ்வொன்றுக்கும் பொலிஸ்காரர் பேனையால் சரி போட்டார். எட்டுச் சரி. நான் மூச்சு விட்டேன்.

ஆனால் ஆமிக்காரர் நிற்காமல் குழாயடி வரை போனார். துணி தோய்க்கிற கல்லின் அருகே கருவி கத்தியது.

"இது கடதாசியில இல்லையே, மிஸிஸ். இங்க என்ன?" என்று தமிழில் கேட்டார் பொலிஸ்காரர்.

பஞ்சாயுதமாக இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறேதாவது வந்துவிட்டால், எங்களுக்கு முன் இருந்தவர்கள் எதையாவது விட்டுப் போயிருந்தால், எட்டுச் சரியும் பொய்யாகிவிடுமே. "தெரியாது," என்றேன். மதிலோடு நின்றவர் தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார்.

ஆமிக்காரர் கல்லின் அடியைக் கொஞ்சம் கிளறினார். பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு விரலால் தோண்டினார். ஏதோ ஒன்றை எடுத்துப் பெருவிரலால் மண்ணைத் துடைத்தார். சங்கும் சக்கரமும் தெரிந்தன.

சிங்களப் பிள்ளைகளின் கழுத்திலும் இதே பெயரில் இதே பதக்கம் இருப்பதை அந்த நேரத்தில் நான் மறந்தே போயிருந்தேன். அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். அவருடைய குரல் மாறியது. "பபாட்ட தாண்ட," பிள்ளைக்குப் போட்டுவிடு என்று என்னிடம் நீட்டினார். என் இடுப்பிலிருந்த மகன் அதைப் பறிக்கக் கை நீட்டினான். அதிகாரி கணவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். மதிலை விட்டு வரலாம் என்று அர்த்தம்.

கணவர் செய்த கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. நன்றி என்ற சொல்கூட வரவில்லை.

கணவர் வாசற்படியில் வந்து இருந்தார். "நான் செய்ததிலும் ஆமிக்காரன்ரை மெஷின் திறம்," என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகாமல் அவருடைய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதற்கு நன்றி சொல்லவேண்டிய காலம் இது. அது சரியா என்று கேட்டுக்கொண்டேதான் நன்றியோடு இருக்கிறேன். மண்வெட்டியை வைத்துவிட்டு விரலால் தோண்டிய அந்தக் கைக்கு என் நன்றி குறையவே இல்லை.

கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. பொலிஸ்காரர் போட்ட எட்டுச் சரியும் அதில் அப்படியே இருக்கின்றன. "எரிச்சுவிடும், அடுத்த செக்கிங்குக்கு வாறவன் சரியைப் பார்க்கமாட்டான், ஆயுதத்தைத்தான் பார்ப்பான்," என்கிறார் கணவர். அவர் சொல்வது சரி என்று அடுப்படி வரை கொண்டுபோவேன். அந்த ஒன்றுதானே எங்களுக்குச் சாட்சி என்று திரும்பக் கொண்டுவந்து அரிசிப் பேணிக்குள் வைப்பேன். வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு கடதாசி இருந்தால் என்ன செய்வீர்கள்? வைத்திருக்கட்டுமா, எரிக்கட்டுமா? தெரிந்தவர்கள் எழுதிச் சொல்லுங்கள்.