மருந்து எடுத்தாச்சா?

"ஊதுறதுக்குக் காத்து போதுமேம்மா, டிகிரி எதுக்கு?"

சைக்காலஜி கடைசி வருட வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என்னிடம் கேட்டது இது. எங்கே வேலை செய்கிறாய் என்று முதலில் விசாரித்தார். சிவாஜிநகரில் பெண்களுக்கு ஓதிப் பார்க்கும் இடத்தில் என்றேன். அதற்குத்தான் இந்தப் பேச்சு. பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். வேலையில் காட்டிக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

என் அப்பா கறிக்கடையில் கறி வெட்டுகிறவர். அம்மா ஊதுபத்தி உருட்டுகிறவர். இருவருக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மதரஸாவில் ஐந்து வருடம் மார்க்கக் கல்வி கற்கும் ஆலிமா படிப்பு, அதன் பிறகு தபால் வழியில் இந்த டிகிரி. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். அந்தப் பெருமை ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனி இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

1. ஃபாரம்

எங்கள் இடம் ஓர் அத்தர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆண்கள் பக்கத்தை, இந்த இடத்தை நடத்தும் மார்க்கப் பெரியவர் ஹஜ்ரத் பார்த்துக்கொள்கிறார். பெண்கள் பக்கம் என்னுடையது. திங்கள், வியாழன், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாலை அஸர் தொழுகை வரை.

ஓதிப் பார்ப்பது என்றால் மந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் செய்வது, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் வசனங்களை நிறுத்தி நிதானமாக ஓதுவது. தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பது. தாயத்து கிடையாது. யார் செய்வினை வைத்தார்கள் என்று ஆள் காட்டுவது கிடையாது. குணம் தருகிறவன் அல்லாஹ். நாங்கள் அவனிடம் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். டாக்டர் கொடுத்ததை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பது ஹஜ்ரத் என்னைச் சேர்த்த அன்றே போட்ட நிபந்தனை.

நான் வந்தபோது ஒரு நோட்டில் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. கிளினிக் மாதிரி நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு ஃபாரம் தயார் செய்தேன். எட்டுக் கேள்விகள். பெயர், முகவரி, போன் நம்பர், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, டாக்டரைப் பார்த்தார்களா என்று போகும். ஏழாவது கேள்வி, "மருந்து எடுத்தாச்சா? ஆம் / இல்லை." புத்தகத் தமிழில் எழுதினால் அம்மா மாதிரி ஆட்களுக்குப் புரியாது என்றுதான் பேச்சு வழக்கிலேயே வைத்தேன். வருகிறவர்களிடம் நானே படித்துக் காட்டி, நானே டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போடுவேன். அந்தக் கையெழுத்தைப் போடும்போது தேர்வாளரை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

2. நஸீமா

நஸீமாவைத் தொம்மலூரிலிருந்து அவள் அம்மா ஜுபைதா கூட்டிக்கொண்டு வந்தார். நஸீமாவுக்கு இருபது வயது. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். பத்து வயதிலிருந்து ஃபிட்ஸ். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையில் பல வருடம் நன்றாக இருந்திருக்கிறாள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்து முறிந்த பிறகு தூக்கம் இல்லை, பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. அதற்காகத்தான் வந்தார்கள்.

"மிஷின்ல உக்காந்தா எந்திரிக்க மாட்டா ஆலிமா. இங்க அரை மணி உக்காரச் சொன்னா முதுகு வலிக்குதாம்" என்றார் ஜுபைதா.

"மிஷின் பேசாதும்மா" என்றாள் நஸீமா. முதல் நாள் முழுவதும் அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஃபாரத்தை எடுத்தேன். ஏழாவது கேள்வியைப் படித்ததும் ஜுபைதா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமல், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று மெதுவாகச் சொன்னார். ஆம் என்பதில் டிக் போட்டேன்.

இரண்டு முறை ஓதினேன். இரண்டாவது முறை நஸீமா அழுதாள். அன்று வீட்டில் நன்றாகத் தூங்கினாள் என்று ஜுபைதா போன் செய்து சொன்னார். எனக்கு நிறைவாக இருந்தது.

3. மூன்றாவது வியாழன்

அன்று அறையில் இன்னும் நான்கைந்து பெண்கள் காத்திருந்தார்கள். நான் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிக்கொண்டிருந்தேன். நஸீமாவின் தலை ஒரு பக்கம் திரும்பியது. கண் மேலே செருகியது. பாயில் சாய்ந்து, கை கால் விறைத்து வெட்டத் தொடங்கியது.

"போகுது, போகுது" என்றார் ஒருவர். "நிறுத்தாதீங்க ஆலிமா, சத்தமா ஓதுங்க, அவளைப் பிடிச்சது விட்டுட்டுப் போகுது." வேறு யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். ஜுபைதா இரு கையையும் ஏந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம் இருந்தது.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நான் ஓதுவதை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினேன். அது ஃபிட்ஸ் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் என் ஓதலுக்கு இவ்வளவு வலு இருக்கிறதா என்று உள்ளே ஒன்று பூரித்தது. ஒரு நிமிடமோ, அதற்கும் மேலேயோ, அப்படியே போனது.

அவள் உதடு நீலமாவதைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு திரும்பியது. ஓதலை நிறுத்தினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி அவளை ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தேன். சாவியை எடுத்துத் தூரப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு வெட்டு நின்றது. அவள் கண் திறப்பதற்குள் அடுத்தது தொடங்கியது.

"ஏன் நிறுத்துனீங்க? பாதியில விட்டா அது திரும்பி வந்துரும்" என்று ஜுபைதா என் கையைப் பிடித்தார். நான் கையை உதறிவிட்டு, ஹஜ்ரத்துக்குக் கேட்கும்படி ஆட்டோ என்று கத்தினேன்.

4. ஏழாவது கேள்வி

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்ட பிறகும் வெட்டு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. டியூட்டி டாக்டர் ஒரு பெண். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நிறுத்தவே இல்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கையோடு கொண்டுபோன ஃபாரத்தையும் நீட்டினேன். ஆம் என்று டிக் போட்டு, கீழே என் கையெழுத்து.

டாக்டர் அதை வாங்கவில்லை. ஜுபைதாவைப் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"மருந்து எடுத்த அன்னைக்கே நிறுத்தியாச்சு" என்றார் ஜுபைதா.

நான் குழம்பிப்போய், "மருந்து எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா. எடுத்தாச்சு. பச்சிலைச் சாறு குடுத்து, வாந்தி பண்ண வச்சு எடுத்தாங்க. முடி மாதிரி கறுப்பா வந்துச்சு. நாப்பது நாள் இங்கிலீஷ் மாத்திரை ஆகாதுன்னு அந்த ஆளு சொன்னாரு. இங்க வந்தா நீங்களும் அதையே கேட்டீங்க. நான் வாயே திறக்கல, இந்த ஆலிமாவுக்கு ஓதுறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுபோகுதேன்னு நெனச்சேன்."

மருந்து வைப்பது என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆளைக் கெடுப்பதற்குச் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுப்பது. அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்கள் மத்து என்பார்கள். அதை வாந்தியில் வெளியே கொண்டுவருவதற்குத்தான் மருந்து எடுப்பது என்று பெயர். எனக்குத் தெரியாத சொல் இல்லை. எங்கள் தெருவில் கேட்டே வளர்ந்தேன். டாக்டர்களும் நர்சுகளும் பேசுவது போல நானும் பேசிப் பழகியதில், அந்த அர்த்தம் என் காதிலிருந்தே போய்விட்டது. அம்மா மாதிரி ஆட்களுக்காக எழுதிய கேள்வி அது. அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

நஸீமா மூன்று நாள் ஐ.சி.யு.வில் இருந்தாள். வார்டுக்கு மாற்றிய பிறகு, நர்ஸிடம் அனுமதி கேட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் அவளுக்கு ஓதினேன். அப்படி ஓதும்போது எதையும் எதிர்பார்க்கவில்லை. கேட்பது மட்டும்தான் என் வேலை என்று ஹஜ்ரத்தின் இடத்தில் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு அது உறைத்தது அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான்.

ஓதி முடித்ததும் நஸீமா பேசினாள். நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது.

"மாத்திரையை விட்டா வரும்னு எனக்குத் தெரியும் ஆலிமா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எட்டுக் கேள்வியும் எங்கம்மாகிட்டதானே கேட்டீங்க."

5. அதன் பிறகு

ஹஜ்ரத் பயந்துபோயிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடத்துக்குக் கெட்ட பெயர் வந்தால் வேறு எங்கும் போக முடியாத பெண்கள் திண்டாடுவார்கள் என்பது அவர் கவலை. "ஃபாரத்தைக் கிழிச்சிடலாமா ஆலிமா? உங்க கையெழுத்து வேற இருக்கு" என்றார். அது இருப்பதால்தான் கிழிக்க மாட்டேன் என்றேன். நடந்ததை அந்த ஃபாரத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி, அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டேன்.

ஓதுவதில் எனக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. இதைக் கேட்டு அந்தத் தேர்வாளர் சிரிக்கலாம். வசனத்தில் குறை இல்லை, கேட்ட கேள்வியில்தான் குறை. இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது: ஓத உட்காரும் முன் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். நோயாளியோடு தனியாகப் பேசுங்கள், துணைக்கு வந்தவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஓதும்போது யாராவது விழுந்தால் உங்கள் மனது பூரிக்கும். அந்தப் பூரிப்பை நம்பாதீர்கள்.

ஏழாவது கேள்வி இப்போது ஃபாரத்தில் இல்லை. ஆனால் பழைய ஃபாரங்கள் இருக்கின்றன. நஸீமாவுடையது போக அவற்றில் முப்பத்தொன்றில் ஆம் என்று டிக் போட்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, போனை நோயாளியிடமே கொடுக்கச் சொன்னேன். இருபத்தாறு பேரோடு பேசி முடித்தேன். அதில் இரண்டு பேர் வீட்டில், ஜுபைதா சொன்ன மாதிரியே மருந்து எடுத்து, மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், திரும்ப மாத்திரை தொடங்கியாயிற்று.

மீதி ஐந்து நம்பர்களில் யாரும் எடுக்கவில்லை. முகவரி இருந்தது. இன்று காலை அவற்றில் முதலாவது வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மாமியார் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மருமகளுக்கு இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றார். சந்தோஷம், அவளையே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.