காதர் எழுதாத மீன் கட்டுரை

ஆய்வுக் கட்டுரைகளுக்கு எண் வாங்கிக் கொடுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டோம், இனிஷியல் விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். தர்மபுரியில் ஒரு கல்லூரியின் ஆய்விதழ் அலுவலகத்தில் உட்கார்ந்து நானும் இந்த வியாதியை வளர்த்துவருகிறேன். உங்களில் யாருக்காவது இது இருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

வீட்டுக்காரரின் சந்தேகம்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பச்சையப்பன் விவசாயி. அப்படி என்னதான் வேலை என்று ஒருநாள் கேட்டார். ஆசையாக விளக்கினேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்று ஓர் எண் பதிவோம். இதழின் இணைய முகவரி நாளைக்கே மாறினாலும், புது முகவரியை நாங்கள் பதிந்துவிட்டால் அதே எண் வாசகரைக் கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். யார் எழுதியது, எந்தக் கல்லூரி, பின்னால் திருத்தம் வந்ததா என்கிற விவரமெல்லாம் அதோடு சேர்ந்து போகும். கொடுத்த எண்ணைத் திரும்ப அழிக்க முடியாது.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கட்டுரைக்கெல்லாம் நம்பர் வந்துடுச்சுங்க. நம்ம கிணத்து மோட்டாருக்குத்தான் கனெக்சன் நம்பர் இன்னும் வரக்காணோம்."

சம்பத்தின் பொறுமை

என் பக்கத்து மேசை சம்பத். கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். இல்லாத கட்டுரையைச் சொல்லியிருந்தால் ஆசிரியருக்குப் போன் பறக்கும். அவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கும். எனக்கு இரண்டு பக்கத்தில் கண் சொருகிவிடும்.

மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி விலை பற்றி எழுதிய பேராசிரியர் ஒருவர், மூன்றாவது போனில் பணிந்துவிட்டார். "சார், என் கட்டுரையை நானே இத்தனை தடவை படிக்கலைங்க."

குடும்பப் பெயர்

பதிவுப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாமல் மேலே நகர விடாது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது? விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்த ஷாகிராவிடம் இதைக் கேட்டேன். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் காதர் பாலக்கோட்டில் டிரங்குப்பெட்டி செய்து விற்கிறவர். "எங்களை டிரங்குப்பெட்டிக்காரர் வூடுன்னு சொல்லுவாங்க. அதைப் போட்டா ஒத்துக்குங்களாக்கா?" என்றாள்.

கடைசியில் அத்தா பெயரையே அந்தக் கட்டத்தில் போட்டோம். கட்டுரை, ஒகேனக்கல் காவிரியில் மீன்களின் எடை பற்றியது. சில மாதம் கழித்து வேறொரு இதழில் ஒருவர், 'காதர் தம் ஆய்வில் காட்டுவதுபோல' என்று எழுதியிருந்தார். ஷாகிரா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க அத்தாவுக்கும் மீனுக்கும் சாப்பாட்டுத் தட்டுல மட்டுந்தாங்க்கா சம்பந்தம்."

திங்கட்கிழமை இன்டர்வியூ

அந்த ஒரு கட்டுரையை நம்பித்தான் ஷாகிரா சேலத்தில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை மதியம் வந்து நின்றாள். இன்டர்வியூவுக்காகத் தன் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது கண்டுபிடித்திருக்கிறாள். அட்டவணையில் 'மழைக்கு முன்', 'மழைக்குப் பின்' என்ற இரண்டு தலைப்பும் இடம் மாறியிருந்தன. முடிவுரையும் அந்த அட்டவணையை நம்பி எழுதியது, அதுவும் தலைகீழ்.

திருத்தம் போட்டால் அதற்கும் ஓர் எண் வரும். பழைய கட்டுரையை யார் திறந்தாலும் 'திருத்தப்பட்டது' என்றுதான் முதலில் கண்ணில் படும். பேசாமல் இணையத்தில் இருக்கும் கட்டுரைக் கோப்பை மட்டும் மாற்றிவிட ஒரு நிமிஷம் போதும், ஆனால் அதை எங்கள் அலுவலகம் செய்யாது. எனக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதிந்துகொள்ளலாமே, அதற்குள் என்ன குடிமுழுகிப்போகிறது என்றேன். சம்பத்கூட ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஷாகிரா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை அவங்க படிக்கப் போறது தப்பான கட்டுரைங்க்கா. அதை வெச்சுகிட்டு நான் எப்படிங்க பேசறது?"

பதிந்தோம். இப்படியொருத்தியோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து வந்தவள்

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அலுவலகத்துக்கே வந்தாள். அங்கே கட்டுரையைத் திறந்ததும் 'திருத்தப்பட்டது' என்று வந்ததாம். இந்தத் தப்பை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்களாம். நான்தான் என்றாளாம். எப்படி, எப்போது என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, ஜூன் மாதம் சேர முடியுமா என்றார்களாம். சம்பத் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

நான் உற்சாகத்தில், கட்டுரையில் புதுக் கல்லூரியின் பெயரையும் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டுவைத்தேன். ஷாகிரா டம்ளரைக் கீழே வைத்தாள். "வேண்டாங்க்கா. எழுதும்போது இங்கதானே இருந்தேன், அது அப்படியே இருக்கட்டுங்க."

அவளுக்கு வேலை நிரந்தரம், அவள் கட்டுரைக்கு எண் நிரந்தரம், இரண்டையும் பார்த்து மகிழும் எனக்கு மட்டும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள்.