கல்ச்சர் அறைப் பிள்ளையார்

1. மூன்றாவது கதிரை

எங்கள் கம்பனியின் முழு மூலதனமும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது. அந்தக் குழாய் சாகக் கிடந்த வாரம் பார்த்து, அதைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரின் பெரியப்பா நெடுந்தீவில் காலமானார்.

முதலில் கம்பனியைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. பாண் பொங்கப் போடுகிற ஈஸ்ற் கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையில் பாதை திறந்தால் வரும், பூட்டினால் வராது. எங்கள் முதலாளி நாரந்தனையில் ஒரு பழைய புகையிலைக் கொட்டிலுக்கு வெள்ளையடித்து, பனங்கட்டி கரைத்த பாணியில் ஈஸ்ற் வளர்த்து விற்கப் புறப்பட்டார். வாசலில் 'வளர்ந்துவரும் உயிர்த் தொழில்நுட்ப நிறுவனம்' என்று பலகை மாட்டினார். வளர்ந்தது உண்மைதான். முதல் வருஷம் மூன்று விஞ்ஞானிகளுக்கு இருக்க இரண்டு கதிரை. ஐந்தாம் வருஷம் மூன்றாவது கதிரையும் வந்துவிட்டது. மற்றபடி அங்கே தடையில்லாமல் வளர்ந்தது பூஞ்சணம்.

தலைமை விஞ்ஞானி நல்லநாதன் அண்ணை, நுண்ணுயிரியல் படித்தவர். ரீற்றா, விலங்கியல் பட்டதாரி. ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிற குடும்பம். மூன்றாவது ஆள் நான். தாவரவியல் படித்தேன் என்று சான்றிதழ் சொல்கிறது.

நல்ல ஈஸ்ற் இனத்தை அகார் என்கிற கூழ் போட்ட குழாய்களில் வைத்திருப்போம். அதுதான் மதர் கல்ச்சர். கரண்ட் வருவதும் போவதுமான ஊரில் பிறிஜ்ஜை நம்ப ஏலாது. ஆகவே பதினாலு நாளுக்கு ஒருக்கால், நுனி வளைந்த கம்பி லூப்பால் தொட்டுப் புதுக் குழாய்க்கு மாற்றவேண்டும். தவறினால் ஈஸ்ற் பட்டினியில் செத்துவிடும். மாற்றுகிற உரிமை அண்ணைக்கு மட்டும்.

எனக்கு ஒரே ஒரு தடவை வாய்ப்புத் தந்தார். குழாயைத் திறந்து பிடித்திருந்த நேரம் எனக்கொரு பகிடி ஞாபகம் வந்தது. நானே சொல்லி நானே சிரித்தேன். இரண்டொரு நாளில் குழாய்க்குள் முளைத்தது ஈஸ்ற் அல்ல, என் வாய்க்குள் குடியிருந்த கிருமிகள்.

"உம்மட கல்ச்சர் நல்லாத்தான் வளந்திருக்கு," என்றார் அண்ணை. அன்றிலிருந்து நான் பனங்கட்டி கரைக்கிற விஞ்ஞானி. ரீற்றாவுக்கு ஒரு வாய்ப்பும் இல்லை. "மீன் மணக்கிற கை, கொண்டாமினேஷன் வந்திடும்," என்று சொல்லி அவவைக் குழாய் கழுவுகிற விஞ்ஞானி ஆக்கியிருந்தார்.

அண்ணையின் முறை வேறு. குளித்து, திருநீறு பூசி, கல்ச்சர் அறையில் அவர் மாட்டிய பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் குழாய் திறப்பார். ஒவ்வொரு முறையும் பாதிக் குழாயில் ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது என்று கேட்டால், "காலநிலை" என்பார்.

2. வாசலில் நின்றவர்

அந்தமுறை காலநிலை மிக மோசம். ஒரே ஒரு குழாய்தான் சுத்தமாக மிஞ்சியது. பேக்கரிக்காரர் சூசைப்பிள்ளையோ வேதக்கோயில் பெருநாள் பாணை எங்கள் ஈஸ்ற்றில் போடுவதாகச் சொல்லியிருந்தார். பொங்கினால் மாதாமாதம் ஓடர். பொங்காவிட்டால் கொட்டிலில் திரும்பவும் புகையிலை கட்டப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். நான் பெரியகடைச் சந்தையில் அத்தானின் வெங்காயக் கடைக்குப் போகவேண்டியதுதான். "தராசு உனக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கு" என்று அவர் காணும்போதெல்லாம் சொல்வார்.

நெடுந்தீவிலிருந்து வள்ளம் ஆடின ஆட்டத்தில் சத்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அண்ணை, வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை."

"ஏலாது. செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்சு தீட்டுக் கழியாமல் பிள்ளையார் இருக்கிற அறைக்குள்ள எப்பிடி வாறது?"

"அப்ப படத்தைக் கழட்டி வெளியில வைப்பம்."

"கழட்டினாப் பிறகு உள்ளுக்கு நடக்கிறதுக்கு ஆர் பொறுப்பு? நீரோ?"

பொறுப்பு என்ற சொல் வந்தால் நான் அடங்கிவிடுவேன்.

"முப்பத்தொண்டு மட்டும் குழாய் தாங்குமோ அண்ணை?"

"தாங்காது." வானத்தைப் பார்த்தார். ஒரு ஹெலிகொப்டர் போய்க்கொண்டிருந்தது. அதனிடமும் யோசனை ஒன்றும் இல்லை.

"நான் செய்யட்டோ?"

"வாயைத் தைச்சுப்போட்டு வந்தாலும் நீர் வேண்டாம்."

கையில் பிரஷ்ஷோடு ரீற்றா வெளியே வந்தா.

"எனக்குத் துடக்கில்லை அண்ணை."

"உம்மட கை..."

"மீன் மணம். தெரியும். இந்தக் கையாலதான் அஞ்சு வருஷமா உங்கட குழாயெல்லாம் கழுவினனான். இன்னும் ஒரு மீனும் முளைக்கேல்லை."

அண்ணை தொண்டையைச் செருமினார். "பிள்ளையாருக்கு..."

"அவரோட நான் கதைச்சுக்கொள்ளுறன்."

3. கண்ணாடிக்கு வெளியே

அண்ணையின் கதிரையைக் கல்ச்சர் அறை யன்னலுக்கு வெளியே வெயிலில் போட்டோம். காற்று வரும் என்பதால் யன்னல் திறக்கக்கூடாது. சட்டம் அவருடையதுதான். ஆகவே கண்ணாடிக்கு வெளியே இருந்து கையால் கட்டளையிட்டார். காரைநகர் பஸ்ஸைக் கொண்டக்ரர் பின்னுக்கு எடுப்பிக்கிற மாதிரி இருந்தது. ரீற்றா அவருக்கு முதுகைக் காட்டி நின்றா. கற்பூரம் இல்லை, புகை இல்லை, சுற்றிக் காட்டித் தூசி கிளப்புகிற வேலையும் இல்லை. ஸ்பிரிட் லாம்பில் லூப்பைச் சுட்டா, தொட்டா, மாற்றினா, மூடினா. அண்ணை நெருப்புக்குச்சி தேடுகிற நேரத்துக்குள் வேலை முடிந்தது. நான் கதவடியில் வாயில் துவாய் கட்டி நின்றேன். கம்பனிக்கு என் பங்களிப்பு அது.

ஈஸ்ற் வளர்ந்ததும் புதுக் குழாய்களைத் தட்டோடு தூக்கி யன்னலில் காட்டினேன். அண்ணை எண்ணினார். யன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் எண்ணினார்.

"எல்லாம் துப்புரவோ?"

"ஓம் அண்ணை. ஒண்டிலும் பூஞ்சணம் இல்லை."

"கற்பூரப் புகை..."

"நான் கொளுத்தேல்லையே," என்றா ரீற்றா உள்ளே இருந்து.

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் அண்ணை மெதுவாக.

பெருநாளுக்கு மறுநாள் சூசைப்பிள்ளை ஒரு பாணோடு வந்தார். "பாண் பொங்கிப் போறணைக் கதவைத் தள்ளிக்கொண்டெல்லோ வந்தது," என்றார். ஓடர் கிடைத்தது. அத்தானின் தராசு தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று முடிந்தது. அடுத்து குழாய் மாற்றுகிற நாள் அண்ணை குளித்து, திருநீறு பூசி வந்தார். ரீற்றா லூப்பை மேசையில் வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தா. அண்ணை பிள்ளையாரைப் பார்த்தார். வரிசையாக நின்ற சுத்தமான குழாய்களைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என் காதோடு சொன்னார்.

"புங்குடுதீவில ஒரு சித்தப்பா தவறிப்போனார்."

"ஐயோ, எப்ப அண்ணை?"

"இப்பதான் கேள்விப்பட்டனான்."

காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தபால்காரர்கூட வரவில்லை.

"ரீற்றாவை ஒருக்காச் செய்யச் சொல்லும்," என்றார்.

அந்தத் துடக்குக் கழிய, நயினாதீவில் ஒரு மாமி போய்ச் சேர்ந்தா. "மாமிக்கு எங்களுக்குத் துடக்கில்லையே அண்ணை?" என்று கேட்டேன். "இது தகப்பன்வழியாலயும் சொந்தமான மாமி," என்றார். பிறகு அனலைதீவு, எழுவைதீவு, வேலணை. கம்பனி இருந்த காலம் முழுக்க அண்ணைக்குத் துடக்குக் கழியவேயில்லை. ஒவ்வொரு முறையும் ரீற்றா, "ஆழ்ந்த அனுதாபம் அண்ணை" என்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவா. இறந்தவர் ஆர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழாய் கழுவுகிற வேலை எனக்கு வந்தது.

அண்ணைக்கு வெயில் படக்கூடாதென்று யன்னலுக்கு வெளியே தென்னோலைக் கிடுகால் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கினோம். அதுதான் எங்கள் கம்பனியின் முதலாவது விஸ்தரிப்பு.

வளர்ந்துவரும் நிறுவனங்களில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஆய்வுகூடத்தை, கருவிகளை, சம்பளத்தைப் பற்றிப் பிறகு விசாரிக்கலாம். தலைமை விஞ்ஞானிக்குச் சொந்தக்காரர் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.