வரிச்சிக்குடியில் இரண்டு மலை

பங்குனி வெயில். காரைக்காலை ஒட்டிய வரிச்சிக்குடியில், வயலோரப் புங்கமரத்தடியில் சுவரில்லாத பள்ளிக்கூடம் நடக்கிறது. பொரி இறைத்ததுபோல் பூ உதிர்கிறது. "நீங்களும் வரைங்க. எதிர்ல என்ன தெரியுதோ அத" என்று டீச்சர், பள்ளியைப் பார்க்க வந்த எனக்கும் தாளும் கரித்துண்டும் தருகிறார். பிள்ளைகள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரைகிறார்கள். நான் தலை தூக்காமல், கைப்பழக்கத்தில் முடித்துவிடுகிறேன்: இரண்டு மலை, நடுவில் சூரியன்.

பக்கத்துச் சிறுமியின் தாளில் உளுந்துச் செடியும் கொக்கும் இருக்கின்றன. என் தாளை எட்டிப் பார்க்கிறாள்.

"மலை எந்தப் பக்கம் சார் தெரியுது?"

கேலி இல்லை. அடிவானம் வரை தட்டையாகக் கிடக்கும் வயலை ஆசையாகக் கண்ணால் துழாவுகிறாள். பிறகு விறுவிறுவென்று மரமேறுகிறாள். விரலால் மலையைத் தேய்க்கிறேன். கரி பரவி அது இன்னும் பெரிதாகிறது.

கிளையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "இங்கேருந்தும் தெரியல சார்!"