அழைப்பிதழில் எரிந்த ஒற்றைச் சுடர்

குருக்கள்மடத்தில் என் வீட்டிலிருந்தே அழைப்பிதழ்கள் செய்து கொடுக்கிறேன். சித்தாண்டியிலிருந்து யோகமலர் அக்கா தன் மகளின் கல்யாணத்துக்குக் கேட்டபோது, விளக்குப் படம் பதிக்க எண்ணி இணையக் கடையில் ‘லாம்ப்’ என்று தேடினேன். முதலில் வந்த ரப்பர் முத்திரைத் தொகுதியில் ஒற்றைச் சுடர் விளக்கு அவ்வளவு அழகு. வரவழைத்து, அறுபது அட்டையிலும் பொன் மையில் பதித்தும்விட்டேன்.

எடுக்க வந்த அக்காவின் முகம் வாடியது. “புள்ள, எங்கட வீட்டுக்காரர்ட முப்பத்தோராம் நாள் நினைவுக் கார்ட்டிலயும் இப்பிடித்தான் ஒரு விளக்கு இருந்தது.”

பதறிப்போய்க் கடைப் பக்கத்தைத் திறந்தேன். அது இரங்கல் அட்டைகளுக்கான தொகுதி. முதல் படத்துக்கு மேல் நான் பார்க்கவே இல்லை.

அக்கா ஏசவில்லை. “அழாத புள்ள. ஆருக்கும் குடுக்க முதல் கண்டமே, அது போதும்.”

மாவிலைத் தோரணம் பதித்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன். இப்போதெல்லாம் தொகுதியின் எல்லாப் படங்களையும் பார்த்தே வாங்குகிறேன். வெறுந்தாளில் பதித்து, அட்டை கேட்டவரிடம் காட்டாமல் அட்டையைத் தொடுவதில்லை.

அந்த அறுபதில் ஒன்று மட்டும் வீணாகவில்லை. அன்று போகும்போது அக்கா கேட்டு வாங்கினார்.

“இத அவர்ட படத்தடியில வைக்கிறன். முதல் அழைப்பு அவருக்குத்தானே.”